சித்தி பாக்கி வைத்த பேப்பர்

எங்கள் வீட்டில் காரணமில்லாமல் பலகார வாசனை வந்தால், சித்திக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

தீபாவளியும் இருக்காது, ஓணமும் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே வெல்லப்பாகு மணக்கும். புத்தகப்பையோடு ஓடுவேன். அடுக்களையில் சித்தி சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு முந்திரிக்கொத்து சுட்டு அடுக்கிக்கொண்டிருப்பாள். மறுநாள் வீட்டிலுள்ள தலையணை உறைகள் எல்லாம் கொடியில் தொங்கும். அதற்கடுத்த நாள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு மேசையில் நீல அட்டை போட்ட தடிமனான கணக்குப் புத்தகம் விரித்தபடி கிடக்கும். மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் தானாகப் புரளும். அந்தப் புத்தகத்தை வீட்டில் படித்தது மின்விசிறி மட்டும்தான்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி நான்கு வருடம். சித்தப்பா மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அதனால் சித்தி தக்கலையில் எங்களோடுதான் இருந்தாள். கல்லூரியில் கணக்கு எடுத்து பி.எஸ்சி. படித்தவள். எல்லாப் பேப்பரும் பாஸ், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் அரியராக நின்றது. வருடத்துக்கு இரண்டு முறை அதற்கு விண்ணப்பம் போடுவாள். ஹால் டிக்கெட் வரும். பரீட்சையன்று காலையில் தலைவலியும் கூடவே வரும். ஒருமுறை பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது என்று திரும்பி வந்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

மடி என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பல். அம்மா அவளை மடிச்சி என்பாள்.

"ஏட்டி, ஒரு பேப்பர எழுத மடிச்சிட்டு வீடு பூரா கழுவுதியே. நீ என்ன பிறவிட்டி?"

சித்தி கழுவிக்கொண்டே இருப்பாள். எனக்கு அம்மாவின் கணக்கு புரிந்ததே இல்லை. எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம்கூடச் சும்மா இருக்கத் தெரியாத ஒரே ஆள் சித்திதான். அவளைப் போய்ச் சோம்பேறி என்றால் எப்படி? அது போக, அவள் பரீட்சை எழுதி முடித்துவிட்டால் முந்திரிக்கொத்துக்கு எங்கே போவது என்ற கவலையும் எனக்கு இருந்தது.

பெரியவர்கள் அறிந்திருந்த, எனக்குச் சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ரிசல்ட் வந்திருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் பட்டதாரிப் பெண்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ரிசல்ட் எப்படியும் வரும் என்று தாத்தா அழைப்பிதழில் சித்தியின் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று அச்சடித்துவிட்டார். அழைப்பிதழ் பாதி ஊருக்குக் கொடுத்து முடித்த பிறகு ரிசல்ட் வந்தது. அடுத்த தடவை எழுதிக்கொண்டால் போயிற்று, யாரிடமும் மூச்சு விடாதே என்று தாத்தா சொல்லிவிட்டார். தாத்தா இறந்தும் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பா தன் மனைவி பட்டதாரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தாற்போல் வந்தன. மஸ்கட்டில் நம்மவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர் தேவை என்று சித்தப்பா கேள்விப்பட்டார். வேலை கிடைத்தால் இருவரும் ஒன்றாக இருக்கலாம். டிகிரி சர்ட்டிபிகேட்டின் காப்பியை அனுப்பு என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டார். நாளைக்கு அனுப்புகிறேன் என்று சித்தியும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னாள். அடுத்தது, பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசிப் பரீட்சை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. இதை விட்டால் அந்தப் பேப்பரை எழுதவே முடியாது. பரீட்சை ஜூனில்.

அந்த மே மாதம் சித்தி பலாச்சுளை அரிந்து சக்கை வற்றல் போட்டாள், மாங்காய் உப்பிலிட்டாள், அப்பாவின் பழைய வேட்டிகளைத் தைத்துத் தலையணை உறையாக்கினாள். பிறகு ஒருநாள் காலையில், புத்தகத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"வாறியா மக்களே? களியக்காவிளை வரை போய்ட்டு வருவோம்."

அந்தப் புத்தகம் அவளுடையதே அல்ல. களியக்காவிளையில் இருந்த கல்லூரித் தோழியிடம் இரவல் வாங்கியது. நான்கு வருடம் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டிருந்தாள். அவள் இனிப் பரீட்சை எழுதப்போவதில்லை என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திட்டாமல் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் அதையும் மறந்துவிட்டேன்.

மார்த்தாண்டம் தாண்டும் முன்பே பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி அச்சு முறிந்து ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறதாம். முன்னும் பின்னும் வண்டிகள். வெயில் மண்டையைப் பிளந்தது. சித்தி முதலில் என் ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு பின்னலையே அவிழ்த்துப் புதிதாகப் பின்னினாள். கைக்குட்டையால் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். பையிலிருந்த பழைய பஸ் டிக்கெட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அதற்குமேல் அந்த பஸ்ஸில் அவள் கைக்கு வேலை இல்லை.

எனக்குச் சலிப்பாக இருந்தது. துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். பக்கமெல்லாம் மூன்றைத் திருப்பிப் போட்டது போல ஓர் எழுத்து.

"இது என்ன சித்தி?"

"எப்சிலன்."

"அப்பிடீன்னா?"

சித்தி வாயைத் திறந்தாள், மூடினாள். புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் முன்னால் போனாள், இரண்டு பக்கம் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, புத்தகத்தின் ஓரத்திலேயே ஏதோ போட ஆரம்பித்தாள். அடித்தாள். மறுபடி போட்டாள். அவள் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிப் பக்கத்தில் விழுந்தது. லாரியை நகர்த்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். பஸ் கிளம்பியது. சித்தி நிமிரவில்லை. குழித்துறைப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது பேனாவை மூடிவிட்டு, ஆற்றை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துட்டு," என்றாள்.

களியக்காவிளையில் இறங்கி இருவரும் எலுமிச்சை சர்பத் குடித்தோம். தோழியின் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். சித்தி சந்து முனையில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நாளைக்கு குடுக்கலாம் மக்களே," என்று சொல்லிவிட்டு, தக்கலை பஸ்ஸை நோக்கித் திரும்பி நடந்தாள். நாளைக்கு என்ற சொல்லை அவள் நல்லபடியாகப் பயன்படுத்திய முதல் நாள் அது.

மறுநாளும் களியக்காவிளை போனோம். அதற்கு மறுநாளும் போனோம். கொடுக்க வேண்டிய புத்தகம் பையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"படிக்கதுன்னா வீட்டுல இருந்து படிச்சா என்னட்டி? ஊரு என்ன நினைக்கும்?"

"வீட்டுல இருந்தா கை சும்ம இருக்க மாட்டேங்கு அக்கா. பஸ்ஸுல எழும்பி நான் எங்க போவேன்?"

அம்மா யோசித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு ஏத்தன்பழமும் எடுத்துவந்து பையில் வைத்தாள்.

எல்லா நாளும் ஒன்றுபோல் இருக்கவில்லை. ஒருநாள் கூட்டத்தில் நின்றுகொண்டே போனோம். ஒருநாள் சித்தி புத்தகத்தைத் திறக்காமல் களியக்காவிளை வரை தூங்கினாள். இறங்கியதும் அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அன்றுதான் ஒரு சட்டம் போட்டாள். பஸ் அழகியமண்டபம் வருவதற்குள் புத்தகத்தைத் திறந்துவிட வேண்டும். கணக்கு வருகிறதா வரவில்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பை எனக்குக் கொடுத்தாள். அழகியமண்டபம் கண்ணில் பட்டதும் நான் அவள் தொடையில் கிள்ள வேண்டும். முதல் சில நாள் உற்சாகமாகக் கிள்ளினேன். பிறகு கிள்ள வேலை இல்லாமல் போயிற்று. தக்கலை ஸ்டாண்டில் பஸ் உறுமும்போதே புத்தகம் திறந்துவிடும்.

கண்டக்டர்களுக்கு எங்களை நன்றாகத் தெரிந்துவிட்டது. ஒருவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

"டீச்சர், இண்ணைக்கும் களியக்காவிளைதானா?"

சித்திக்குக் காது சிவந்துவிடும். ஆனால் நான் டீச்சர் இல்லை என்று ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரத்துக்குமேல் இருக்கும்போது காரியத்தைக் கெடுத்தவள் நான்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம். வீட்டிலிருந்த ஒரே செல்போன் ஃபிரிட்ஜின் மேல் அடித்தது. சித்தி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். நான் எடுத்தேன்.

"லீவுல என்ன செய்யுத மக்களே?" என்று சித்தப்பா கேட்டார்.

"தினமும் சித்திகூட களியக்காவிளைக்குப் போறேன் சித்தப்பா."

"அங்க என்ன?"

"அங்க ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல இருந்து சித்தி பரீட்சைக்குப் படிக்கா."

"என்ன பரீட்சை?"

"காலேஜ் பரீட்சை. ஒரு பேப்பர் பாக்கி இருக்கில்லா, அது."

அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்தாள், கரண்டியோடு. சித்தி அதற்குள் படியிறங்கி வந்துவிட்டாள். என் கடைசி வார்த்தை அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அம்மா பதற்றத்தில் கையசைத்து, பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னாள் என்று சொல்லிவிடு என்பதுபோல வாயசைத்தாள். சித்தி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு போனை வாங்கினாள்.

"நான்தான்," என்றாள். பிறகு, "உள்ளதுதான். அவ விளையாட்டுக்குச் சொல்லல."

அவர் ஏதோ கேட்டார்.

"பாஸாகல. ஒரு பேப்பர். கல்யாணத்துக்கு முன்னாலயே."

மறுபடி ஏதோ கேட்டார்.

"அப்பாதான் சொல்லாண்டாம்னு சொன்னாரு. ஆனா அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு. அதுக்குப் பிறவும் சொல்லாம இருந்தது நான்தான்."

அதன்பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் வைத்துவிட்டார் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா என்னை அடிக்கக் கரண்டியை ஓங்கினாள். "அவள விடு அக்கா," என்றாள் சித்தி.

அடுத்து அவள் செய்ததைத்தான் நான் வெகுநாள் தவறாகப் புரிந்து வைத்திருந்தேன். துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திறந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, வாளியில் பாதித் துணி பிழியாமல் கிடந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பஸ்ஸுக்கும் போகவில்லை. அதன்பிறகு போகவே இல்லை. என்மேல் உள்ள கோபத்தில்தான் பயணத்தை நிறுத்திவிட்டாள் என்று எண்ணி இரண்டு நாள் சாப்பிடாமல் அழிச்சாட்டியம் செய்தேன். அவள் அதுவரை ஓடி ஒளிந்தது எப்சிலனைக் கண்டு அல்ல என்று பதினோரு வயதில் யாராவது சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பொய்யும் கூடவே திறந்துகொண்டு முகத்தைப் பார்க்கும். கை அதனால்தான் வேறு வேலை தேடியிருக்கிறது. பொய் போன பிறகு மேசையில் புத்தகம் மட்டும் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் பரீட்சை. அம்மா எனக்கு லீவு சொல்லிவிட்டு என்னையும் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். சித்தி பாதியில் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேராவது வேண்டும் என்று நினைத்திருப்பாள் போல. நல்ல மழை. கல்லூரி வாசலில் சித்தி குடையை அம்மாவிடம் நீட்டிவிட்டு, ஹால் டிக்கெட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே ஒரு கடைத் தாழ்வாரத்தில் நாங்கள் காத்திருந்தோம். வெளியே வரும் ஒவ்வொருவரையும் அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். கடைசி மணி அடித்த பிறகுதான் சித்தி வந்தாள், விரலெல்லாம் மை.

"எப்பிடிட்டி?" என்றாள் அம்மா.

"மூணு மணிக்கூரும் உள்ளயே இருந்தேன் அக்கா," என்றாள் சித்தி. அம்மா குடையை விரித்து அவளைத் தன்னோடு இழுத்துக்கொண்டாள். நான் நனைந்துகொண்டு பின்னால் நடந்தேன்.

பாஸானாள். பெரிய மார்க் ஒன்றும் இல்லை, எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம். சித்தப்பா அந்த வருடம் லீவில் வந்தபோது முதல் இரண்டு நாள் அவளிடம் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் இருவருமாகப் போய்ப் பல்கலைக்கழகத்தில் சர்ட்டிபிகேட் வாங்கிவந்தார்கள். அடுத்த வருடம் சித்தி மஸ்கட் போனாள். அங்கே பல வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, இப்போது ஊருக்குத் திரும்பி, தக்கலைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். கணக்கென்றால் ஓடி ஒளியும் பிள்ளைகளை அவள் ஒருபோதும் சோம்பேறி என்று திட்டுவதில்லை என்று அங்கே படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவளை நினைக்கும்போது எனக்குப் பரீட்சை நாளோ ரிசல்ட் வந்த நாளோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் வருகிறது. அதைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.

அந்த போன்பேச்சுக்குப் பிறகு சித்தப்பா இரண்டு வெள்ளிக்கிழமை கூப்பிடவே இல்லை. மத்தியானம் ஆனால் சித்தியின் கண் ஒருமுறை போன் பக்கம் போய்விட்டு வரும், அவ்வளவுதான். மூன்றாவது வெள்ளிக்கிழமை போன் அடித்தது. சித்தி உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

"சித்தி படிக்காளா மக்களே?" என்று கேட்டார்.

"படிக்கா. கூப்பிடட்டா சித்தப்பா?"



"கூப்பிடாண்டாம். அவ படிக்கட்டும்," என்றார். வைத்துவிட்டார்.

நான் உள்ளறை வாசலில் போய் நின்றேன். யார் என்று சித்தி கேட்டாள். சித்தப்பா என்றேன். அவள் பேனாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாரு?"

"உங்கள கூப்பிடாண்டாம்னு சொன்னாரு."

அவர் சொன்னதில் முதல் பாதியை அப்படியே சொல்லிவிட்டேன். மறுபாதி சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. அவள் படித்துக்கொண்டுதானே இருந்தாள். சித்தி சரி என்று தலையாட்டினாள். வெளியே கொடியில் துணி காய்ந்து கிடந்தது. எழுந்து போய் எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. குனிந்து, விட்ட இடத்தை விரலால் தேடி, அடுத்த வரியை எழுதினாள். ஒரு வரியை எழுத அவளுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று புரியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.